செகண்ட் லைன் பீச் அத்தோவும் நுங்கம்பாக்கத்துக் கௌ ஸ்வேயும்

சென்னை பாரிமுனையில் வேலை பார்ப்பவர்களுக்கு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இது மற்றவர்களுக்கு. பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி உள்ளே திரும்பினால் செகண்ட் லைன் பீச் ரோடு. பகலில் என்னைப் போன்ற கிளியரிங் ஏஜென்சி ஆட்கள் ஃபைலும் கையுமாக கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு ஓடுகிற தெரு. பொழுது சாய்ந்ததும் ஆபீஸ் ஷட்டர்கள் இறங்க, வரிசையாக அத்தோ வண்டிகள் களைகட்டத் தொடங்கும்.

நான் வழக்கமாகச் சாப்பிடும் வண்டிக்குப் போர்டு கிடையாது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ் மலைபோல் குவிந்திருக்கும். (அந்த நிறம் கலர் பொடி உபயம்தான், அதை மறைப்பானேன்?) கேட்ட பிறகுதான் கலக்க ஆரம்பிப்பார். ஒரு பேசினில் இரண்டு கை நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், பூண்டு மணக்கும் எண்ணெய். கடைசியாக ஒரு பேஜோவை எடுத்து, அதாவது அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று பொரித்த வில்லையை, உள்ளங்கையில் நொறுக்கித் தூவுவார். பிறகு விரல்களால் ஒரு பிசை.

எனக்கு முக்கியமானது இதற்கடுத்த அரை நிமிடம். தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட மாட்டார், நம் முகத்தைப் பார்ப்பார். "காரம் போதுமாண்ணே?" ஒரு வாய் போட்டுவிட்டு, "புளி கொஞ்சம் விடுங்க" என்றால் தட்டிலேயே விடுவார். எண்ணெய் வேண்டாம், பூண்டு தூக்கலாக, பச்சை வெங்காயமே கூடாது என்று ஆளுக்கொரு ருசி. எல்லாவற்றுக்கும் வழி உண்டு, யாரும் முகம் சுளிப்பதில்லை. தொட்டுக்கொள்ள, குடிக்க, விக்கலை அடக்க எல்லாவற்றுக்கும் மிளகு போட்ட வாழைத்தண்டு சூப். அதற்குத் தனிக் காசு இல்லை, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள்.

முட்டை மசாலாவை விட்டுவிடாதீர்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தைத் திணித்து, மேலே மிளகாய்த்தூளும் புளித்தண்ணீரும் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் சட்டை போச்சு.

இந்தச் சாப்பாடு இங்கே வந்த கதை கொஞ்சம் கனமானது. 1962-இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி மெட்ராஸில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்கென்று 1969-இல் வந்ததுதான் பர்மா பஜார். அத்தோவும் மொய்ங்காவும் அந்தக் குடும்பங்களோடு வந்தவை. பர்மாவில் மொய்ங்காவை மீன் குழம்பில் செய்வார்கள். இங்கே பெரும்பாலும் மீன் இல்லாமல், வாழைத்தண்டுச் சாறில் மெல்லிய அரிசி நூடுல்ஸ்.

சரி, நுங்கம்பாக்கத்துக்கு வருவோம். ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு உபசார விருந்து. இடத்தைத் தேர்ந்தெடுத்தது சின்னப் பசங்க. கடையின் பெயர் வேண்டாம். மெனு கார்டில் 'பர்மீஸ் கௌ ஸ்வே', 695 ரூபாய். கீழே ஒரு வரியில் ரங்கூன் தெருக்களின் சுவை என்று எழுதியிருந்தார்கள். ரங்கூன் தெருவில் சாப்பிட்டு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆட்டோவில் போகும் தூரத்தில் கடை போட்டிருக்கிறார்கள் என்று எழுதியவருக்குத் தெரியுமோ என்னவோ.

தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பு நன்றாகவே இருந்தது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஆறிப்போய் வந்தது. வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எலுமிச்சை எல்லாம் கட்டைவிரல் அளவு கிண்ணங்களில் சுற்றி வைத்திருந்தார்கள். வறுத்த பூண்டு இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்று கேட்டேன். "எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆகும் சார்" என்றார் பணியாளர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தோடு இருந்த ஒட்டுறவு அந்த நொடியில் போய்விட்டது.

பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அதைக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-இல் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் மேனேஜர் எடுத்துவிட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஐந்து சதவீத ஜிஎஸ்டி, தண்ணீர் பாட்டில், ஜூஸ் எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆயிரம் ரூபாய் தாண்டியது. செகண்ட் லைனில் அத்தோ, முட்டை மசாலா, தனியாக ஒரு பேஜோ எல்லாம் சாப்பிட்டாலும் எனக்கு இருநூறு ரூபாயைத் தொட்டதில்லை.

வண்டிக்கடையில் குறையே இல்லையா? இருக்கிறது. உட்கார இடமில்லை. பைக் ஹாரன் காதைக் கிழிக்கும். கை கழுவ ஒரு டிரம், ஒரு மக், அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரரான என் அம்மாவை அங்கே நிறுத்தி வைத்துச் சாப்பிடச் சொல்ல முடியாது. அவரைக் கூட்டிப்போவதென்றால் நாற்காலியும் ஏசியும் உள்ள இடத்துக்குத்தான் போவேன், காசும் கொடுப்பேன். ஆனால் அங்கே போய் நூடுல்ஸ் கேட்க மாட்டேன்.

முதல் தடவை போகிறவர்கள் ஆறரை மணிக்கு மேல் போங்கள், மழை நாளில் வேண்டாம். எந்த வண்டி என்று குழம்ப வேண்டாம், பிசைந்த அத்தோ எங்கே தட்டில் காத்திருக்காமல் போகிறதோ அங்கே நில்லுங்கள். காரத்தை முதலில் குறைத்தே சொல்லுங்கள், ஏற்றிக்கொள்ள வழியிருக்கிறது. பார்சல் வாங்கியே ஆக வேண்டுமென்றால் பேஜோவையும் புளித்தண்ணீரையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லி, வீட்டில் பிசைந்துகொள்ளுங்கள். கலந்து கட்டியதை மின்சார ரயிலில் தாம்பரம் வரை கொண்டுபோனால் பேஜோ நமுத்து, நூடுல்ஸ் ஒரே கட்டியாகிவிடும்.