விளையாட்டுப் பள்ளி என்று நம்பிச் சேர்த்தோம், விளையாட்டு போட்டோவில் மட்டும்தான் இருந்தது

மூன்று வயதுக் குழந்தைக்கு பிளே ஸ்கூல் தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்று பலகை மாட்டியிருந்த ஓர் இடத்தில் எங்கள் மகளைச் சேர்த்து, ஐந்து மாதம் கழித்து வெளியே கூட்டி வந்தோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் தப்பு எங்களுடையது. பள்ளியைப் பார்க்க விடுமுறை நாளில் போனோம். “மற்ற நாளில் வந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும், நீங்களும் நிதானமாகப் பார்க்க முடியாது” என்று போனில் சொன்னார்கள். நியாயமாகத்தான் பட்டது. போய் நின்றதும் எனக்கு அந்த அறை பிடித்துவிட்டது. சுவர் ஓரமாக மர அலமாரி, அதில் வரிசையாகக் கட்டைகள். ஒரு மூலையில் மணல் தொட்டி. குட்டி அடுப்பு, குட்டிப் பாத்திரங்கள், வேடம் போட துணிகள், பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. என் கணவர் மட்டும் ஒரு கட்டையைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாமே புதுசா இருக்கே” என்றார். பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று அவரை நான்தான் சமாதானப்படுத்தினேன்.

நிர்வாகி அம்மா நன்றாகப் பேசினார். பாடம் கிடையாது, எழுத்து கிடையாது, குழந்தை தன் போக்கில் விளையாடும், நாங்கள் கூட இருப்போம் என்றார். “ஃபிரோபெல், மாண்டிசோரி, ரெஜியோ எமிலியா மூன்று பேருடைய முறையையும் சேர்த்துச் செய்கிறோம்” என்றார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

ரெஜியோ எமிலியா ஆள் இல்லை, ஊர். வட இத்தாலியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அந்தப் பகுதிப் பெற்றோர்கள் தாங்களாகவே தொடங்கிய மழலையர் பள்ளிகளும், அவர்களோடு சேர்ந்துகொண்ட லோரிஸ் மலகுஸ்ஸி என்ற ஆசிரியரும்தான் அந்த முறைக்கு மூலம். இதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. ஃபிரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய இடம்தான் பிறகு ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் பெற்றது. அவருக்கு உருண்டையும் கனசதுரமும் வைத்து விளையாடுவதே கல்வி. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தொடங்கினார். குழந்தை செய்வதை அவர் ‘வேலை’ என்றே சொன்னார், கற்பனை விளையாட்டுக்கு அவருடைய அறையில் பெரிய இடம் கிடையாது. ரெஜியோவில் முன்கூட்டியே எழுதிவைத்த பாடத்திட்டமே இல்லை, பிள்ளைகள் எதில் மூழ்குகிறார்களோ அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மூன்றும் நல்ல வழிகள், ஆனால் மூன்றும் வேறு வேறு வழிகள். எதை எங்கே சேர்க்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்த அம்மா திணறியிருப்பார். இன்னொன்று, பல நாடுகளில் ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடுக்க ஆள் கிடையாது. பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சரி, சேர்த்துவிட்டோம். முழு ஆண்டுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்கள். தினமும் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வரும். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கட்டைக் கோபுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார்கள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். நானே உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன்.

இரண்டாவது மாதம் பையில் ஒர்க்‌ஷீட் வர ஆரம்பித்தது. புள்ளிகளைச் சேர்த்து எழுத்து எழுத வேண்டும், கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு முயல் படம் இருந்தது. அதுதான் விளையாட்டாம். கேட்டபோது, “சும்மா ஒரு அறிமுகம்தான்மா, பெற்றோர்தான் கேட்கிறார்கள்” என்றார்கள். அதில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால், பக்கத்து வீட்டுப் பையன் பெயர் எழுதுகிறானே என்ற பதற்றத்தில், “எழுத்து எப்போது ஆரம்பிப்பீர்கள்?” என்று கேட்டவள் நான்தான். ஆனால் அவர்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். மாவு பிசைவது, மணல் அள்ளுவது, ஏறித் தொங்குவது இதெல்லாம் செய்துதான் அந்தக் கைக்குப் பென்சில் பிடிக்கும் வலு வரும். இதைப் பொறுமையாகச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பும் பள்ளியைத்தான் நான் தேடியிருக்க வேண்டும்.

முதல் பருவ அறிக்கையில் ‘குழு விளையாட்டில் பங்கேற்பு குறைவு, ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறாள்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ குறை என்றே நினைத்துவிட்டேன். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இலேயே சின்னப் பிள்ளைகள் எப்படிச் சேர்ந்து விளையாடப் பழகுகிறார்கள் என்று வகைப்படுத்தி எழுதியிருக்கிறார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, அப்புறம் மெல்ல மெல்லச் சேர்ந்து விளையாடுவது. நின்று வேடிக்கை பார்ப்பதும் அந்த வகைகளில் ஒன்று. விளையாட்டு வழிப் பள்ளி நடத்துகிறவர்கள் அரிச்சுவடி மாதிரி தெரிந்து வைத்திருக்க வேண்டிய சங்கதி இது.

ஆனால் எங்களுக்கு உண்மை தெரிந்தது அறிக்கையால் இல்லை, மகளால்தான்.

ஒரு நாள் மாலை வீட்டில் பழைய கட்டைப் பெட்டியைத் தரையில் கொட்டினேன். முன்பெல்லாம் கொட்டும் சத்தம் கேட்டாலே ஓடிவருவாள். அன்று வந்து நின்று, “தொடலாமா?” என்று கேட்டாள். தொடு என்றேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டையை வைத்தாள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். சிரித்தபடியே அசையாமல் இருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எடுத்தாச்சா?” என்றாள்.

போனை எடுத்து அத்தனை மாத போட்டோக்களையும் வரிசையாகப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கோபுரம். உச்சியில் ஒரு பச்சைக் கட்டை, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தபடி. முதல் மாதத்திலும் அதே சாய்வு, நான்காம் மாதத்திலும் அதே சாய்வு. பெரியவர்கள் யாரோ ஒருமுறை கட்டி வைத்துவிட்டார்கள், அதை ஒரு பிள்ளையும் தொட்டதில்லை.

மறுநாள் மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லி, முன்கூட்டியே போய் நின்றேன். வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். கழிப்பறையைக் கேட்டு உள்ளே போய்விட்டேன். இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு மிஸ். எல்லோரும் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு டிவியில் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணல் தொட்டிக்கு மூடி போட்டு, அதன் மேல் இரண்டு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. கட்டை அலமாரியின் முன்னால் ஒரு மேசை, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி. மணலை ஏன் மூடிவைத்திருக்கிறீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பாவம், சின்னப் பெண். “சட்டை அழுக்கானா பேரண்ட்ஸ் திட்டுறாங்க மேடம். இத்தனை பேரை நான் ஒருத்தியா எப்படிப் பார்க்கிறது?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த மாதமே அவரும் வேலையை விட்டுவிட்டார். அவருக்கு முன்னால் அதே வகுப்பில் இரண்டு பேர் மாறியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்ற வரி இருந்தது, கீழே எங்கள் கையெழுத்தும் இருந்தது. ஆனால் தாள் முழுக்கத் தேடினாலும் ‘விளையாட்டு’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ‘வயதுக்கேற்ற செயல்பாடுகள்’ என்று இருந்தது. ஒர்க்‌ஷீட்டும் செயல்பாடுதானே என்றார் அந்த அம்மா, முகம் மாறாமல். எழுத்தில் புகார் கொடுத்து, இரண்டு மாதம் நடையாய் நடந்து, பொருள்களுக்கென்று தனியாக வாங்கிய தொகையை மட்டும் மீட்டோம். மீதி போனது போனதுதான். வாய்வார்த்தையாகச் சொன்னதையெல்லாம் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, ‘நீங்கள் சொன்னது இதுதானே’ என்று கேட்டு ஒரு பதில் வாங்கி வைத்திருந்தால் எங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும்.

அடுத்த இடம் தேடும்போது சூடு பட்ட பூனையாகத்தான் போனேன். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் உள்ளே உட்காரவிட மாட்டோம் என்று சொன்ன இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். பாதுகாப்புக்காக அடையாள அட்டை கேட்கட்டும், ஓரமாக உட்காரச் சொல்லட்டும், அது சரி. உட்கார்ந்ததும் அறையைப் பார்க்காமல், ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து கால் மணி நேரம் அதை மட்டும் பார்ப்பேன். தானாக எதையாவது எடுத்ததா, வேண்டாம் என்று வைத்துவிட்டு வேறிடம் போக முடிந்ததா, எத்தனை முறை ‘கூடாது’ என்ற சொல் அதன் காதில் விழுந்தது. அப்புறம் கட்டைகளின் விளிம்பு. உண்மையாகவே விளையாடும் இடத்தில் கட்டை மழுங்கி, வண்ணம் போய், ஒன்றிரண்டு பல் பட்டுக்கூட இருக்கும். என் கணவர் முதல் நாளே விரலால் கண்டுபிடித்த விஷயம் இது, நான்தான் காதில் வாங்கவில்லை. சுவரில் தொங்கும் படங்களையும் பாருங்கள். இருபது தாளில் ஒரே மீன், ஒரே இடத்தில் கண் என்றால் அதை வரைந்தது மிஸ்.

இடையூறு இல்லாமல் ஒரே இழுப்பில் எவ்வளவு நேரம் விளையாட விடுகிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடித்தால், பிள்ளை வீடு கட்ட ஆரம்பிக்கும்போதே கலைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே பொம்மைக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். “இங்கே சண்டையே வராது” என்ற பதில் வந்தால் கிளம்பிவிடலாம். மாதாமாதம் கட்டலாமா, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும், ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை பிள்ளைகள், மிஸ்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், இவற்றையும் கேட்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

இதற்கு நேர்மாறான ஓர் இடத்தையும் பார்த்தேன். முழுச் சுதந்திரம் என்றார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, பெரியவர்கள் இருவரும் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் விளையாட்டைக் கவனித்து, சரியான நேரத்தில் ஒரு வாளியையோ ஒரு கேள்வியையோ நீட்டுகிற ஆள் வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் காவல்தான்.

இப்போது போகும் பள்ளியில் முதல் ஒன்பது நாளும் மகள் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வாய் திறப்பதற்கு முன்பே அங்குள்ள மிஸ், “பார்த்துக்கிட்டிருக்கா, பார்க்கட்டும்” என்றார். பத்தாம் நாள் சாக்ஸ் முழுக்க மணலோடு வந்தாள். வீட்டுத் தரையெல்லாம் மணல், துவைக்கிற எனக்குத்தான் கூடுதல் வேலை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சேர்க்கைப் படிவத்தில் ‘குழந்தையின் படங்களைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கவனிக்காமல் டிக் போட்டுவிடாதீர்கள். போன வாரம் ஒரு தோழி அனுப்பிய அட்மிஷன் விளம்பரத்தில் என் மகள் சிரிக்கிறாள். நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதியாகிவிட்டது, பதில் இல்லை. பக்கத்தில் அதே கோபுரம், பச்சைக் கட்டை இன்னும் இடப்பக்கம் சாய்ந்தபடிதான் இருக்கிறது.