டொமைன் கொன்ட்ரோலர் மாற்றம்: பழையதைத் தரமுயர்த்துவதா, பக்கத்தில் புதியதை நிறுத்துவதா?

கிளிநொச்சியில் தலைமை அலுவலகமும் முல்லைத்தீவில் ஒரு கிளையும் கொண்ட ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இருப்பது ஒரேயொரு டொமைன் கொன்ட்ரோலர், அதாவது வலையமைப்பின் பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் சேர்வர். அதில் ஓடுவது விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. கட்டணமின்றிக் கிடைத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஒக்டோபர் 10 ஆம் திகதியோடு நின்றுவிட்டதால், மாற்றத்தைத் தள்ளிப்போட இனி இடமில்லை.

இருந்த இடத்திலேயே தரமுயர்த்துவதில் பெயரும் ஐபி முகவரியும் மாறுவதில்லை. கிளையில் எவரும் எதையும் தொடவேண்டியதில்லை. 2012 ஆர்2 இலிருந்து 2019 பதிப்புக்கு நேரே போகலாம், 2022 க்கு நேரே போக முடியாது. ஆனால் பழைய இயந்திரமும் அதன் தேய்ந்த வன்தட்டும் அப்படியேதான் இருக்கும். இடையில் மின்சாரம் போய் யு.பி.எஸ். பற்றரியும் கைவிட்டால், சங்கத்தின் ஒரே டொமைன் கொன்ட்ரோலர் பாதி வழியில் நிற்கும். வன்னியில் இந்த முறையை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதற் காரணம்.

பழைய வன்தட்டின் முழுப் பிரதியைப் புதிய இயந்திரத்தில் ஏற்றுவது விரைவானது. எனினும் பழையதைத் தவறுதலாக மீண்டும் இயக்கினால் ஒரே அடையாளத்தோடு இரண்டு சேர்வர்கள் வலையமைப்பில் நிற்கும். இதற்குமேல் அதைப் பேசத் தேவையில்லை.

புதிய சேர்வரை இரண்டாவது டொமைன் கொன்ட்ரோலராகச் சேர்ப்பதில் வேலை கூடுதல்தான். விண்டோஸ் சேர்வர் 2019 ஐச் சேர்க்க, டொமைனின் செயற்பாட்டு நிலை (டொமைன் எந்தப் பதிப்பின் வசதிகளோடு இயங்குகிறது என்பது) குறைந்தது 2008 ஆக இருக்கவேண்டும். சிஸ்வொல் (டொமைன் கொன்ட்ரோலர்கள் தமக்குள் பகிரும் கோப்புறை) இன்னமும் பழைய எப்.ஆர்.எஸ். பிரதி முறையில் பிரதியாகிறதென்றால், அதைப் புதிய முறையான டி.எப்.எஸ்.ஆருக்கு மாற்றும்வரை 2019 ஐ உள்ளே சேர்க்கவே முடியாது. டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்கும் சான்றிதழ்ச் சேவை பழைய இயந்திரத்தில் இருந்தால் அதை முதலில் இடம்பெயர்க்காமல் பழையதைப் பதவியிறக்க (டொமைன் கொன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து நீக்க) இயலாது. ஆயினும் நடுவில் எது பிழையாய்ப்போனாலும் பழையது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிம்மதிக்காகவே கூடுதல் வேலையை ஏற்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு சேர்வர் மட்டுமே வகிக்கக்கூடிய ஐந்து எப்.எஸ்.எம்.ஓ. பொறுப்புகளையும் புதியதுக்கு மாற்றியபின், அவற்றுள் டொமைனின் நேரத்துக்குப் பொறுப்பான பி.டி.சி. எமுலேட்டர் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்க்கவேண்டும். கணினியின் நேரமும் சேர்வரின் நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், உள்நுழைவைச் சரிபார்க்கும் கேர்பரோஸ் முறை பொதுவாக அனுமதி மறுக்கும். நீண்ட மின்தடைக்குப்பின் தாய்ப்பலகைப் பற்றரி செத்த கணினிகளில் இது நடக்கக்கூடியதே.

பதவியிறக்குமுன் பழையதை இரண்டு வேலை நாட்களுக்கு அணைத்துவைப்பது நல்லது. அந்நாட்களில் முல்லைத்தீவிலிருந்து முறைப்பாட்டுத் தொலைபேசி வந்தால், அங்கே ஏதோவொரு கணினியிலோ அச்சுப்பொறியிலோ பழைய டி.என்.எஸ். முகவரியை (பெயர்களை ஐபி முகவரிகளாக்கும் சேவைக்காகக் கொடுத்த பழைய சேர்வரின் முகவரியை) கையால் பதித்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.