ஏசிபி சர்வீஸ் முடிந்தது என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள், ஃபால்ட் வந்தபோது பிரேக்கர் திறக்கவே இல்லை

ஆலையோ மருத்துவமனையோ பெரிய கட்டடமோ, ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர், ஷார்ட் போன்ற ஃபால்ட் வந்தால் தானாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) பேனலை நம்பி வேலை பார்க்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வருடாந்திர சர்வீஸ் என்ற பெயரில் எங்களை ஏமாற்றிவிட்டுப் போனார்கள். உயிருக்கு ஆபத்து ஏற்படாமல் போனதற்கு ஒரே காரணம், ஃபால்ட் வந்த நேரத்தில் அந்த எம்சிசி (மோட்டார்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பேனல்) முன்னால் யாரும் நிற்கவில்லை என்பதுதான். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன், உங்கள் பேனலிலும் அதே அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 1600 கேவிஏ, செகண்டரி 400 வோல்ட், இம்பீடன்ஸ் 6 சதவீதம். முழு லோடு கிட்டத்தட்ட 2,300 ஆம்பியர். பேனலின் பஸ்பாரிலேயே (மின்சாரம் பிரியும் தடித்த உலோகப் பட்டை) ஷார்ட் ஆனால் 38 கிலோ ஆம்பியர் வரை பாயும். இன்கமர், அதாவது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதை வாங்கும் முதல் பிரேக்கர், 2500 ஆம்பியர் ஏசிபி, அதற்குக் கீழே எம்சிசிகளுக்குப் போகும் ஃபீடர்கள் 1600 ஆம்பியர். எல்லாமே பேனலிலிருந்து வெளியே இழுக்கக்கூடிய டிரா அவுட் வகை, கரண்ட்டைப் பார்த்து எப்போது திறப்பது (டிரிப்) என்று முடிவெடுக்கும் எலெக்ட்ரானிக் டிரிப் யூனிட் உள்ளவை. ஒன்றிரண்டு மட்டும் பழைய காலத்து பிரேக்கர்கள்.

ஷட்டவுனில் வந்த ஆட்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரே மாதிரி சட்டை, ஹெல்மெட், கையில் ஒரு சூட்கேஸ் கிட். நாங்கள் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் வேலையில் இருந்தோம், பேனல் ரூமில் எங்கள் பையன் ஒருவன் துணைக்கு நின்றான். மாலையில் அவர்களுடைய இன்ஜினியர் வந்து, "சார், எல்லா பிரேக்கரும் டெஸ்ட் ஓகே சார், ரிப்போர்ட் மெயிலில் வந்துடும்" என்றார். ரிப்போர்ட்டும் வந்தது. கலர் போட்டோ, சீல், கையெழுத்து, எல்லாக் கட்டத்திலும் 'திருப்திகரம்'.

அப்புறம் சில வாரங்கள் கழித்து ஒரு எம்சிசியின் கேபிள் முனையில் ஃபால்ட். அந்த ஃபீடர் ஏசிபி ஒரு நொடியின் சிறு பங்குக்குள் திறந்து, மற்ற ஃபீடர்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அது அசையவில்லை. இன்கமராவது உடனே திறந்திருக்க வேண்டும், அதுவும் பல நொடிகள் கழித்துத்தான் திறந்தது. அதற்குள் கேபிள் பாக்ஸ் உருகி, எம்சிசியின் அந்தப் பகுதி முழுக்கக் கரி.

பேனல் ரூமுக்குப் போய்ப் பார்த்தால் ஃபீடரின் டிரிப் யூனிட்டில் ஷார்ட் டைம் (பெரிய ஃபால்ட் கரண்ட்டுக்குச் சிறு தாமதத்தில் டிரிப் கொடுக்கும் பாதுகாப்பு) இண்டிகேஷன் எரிந்துகொண்டிருக்கிறது, பிரேக்கர் மட்டும் அப்படியே ஆனில் இருக்கிறது. அதாவது யூனிட் ஃபால்ட்டைப் பார்த்திருக்கிறது, சரியாக முடிவெடுத்து டிரிப் கட்டளையும் கொடுத்திருக்கிறது. அது பிரேக்கரின் மெக்கானிசத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிரேக்கரை வெளியே இழுத்து முன்பக்கக் கவரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. டிரிப் யூனிட்டிலிருந்து டிரிப் ஆக்சுவேட்டருக்கு (பிரேக்கரைத் தட்டித் திறக்கும் பாகம்) போகும் சின்ன பிளக் பாதி உட்கார்ந்த நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. செகண்டரி இன்ஜெக்ஷன் (டிரிப் யூனிட்டுக்குள் சிறு சோதனை சிக்னல் செலுத்திப் பார்ப்பது) செய்யும்போது ஒவ்வொரு டிரிப்புக்கும் பிரேக்கரைத் திரும்பச் சார்ஜ் செய்து குளோஸ் பண்ணும் சிரமம் வேண்டாம் என்று அதைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்பச் சரியாக மாட்டவில்லை. கிட் திரையில் டிரிப் டைம் அழகாக வந்திருக்கும், ரிப்போர்ட்டிலும் ஏறியிருக்கும். பிரேக்கர் திறந்ததா என்று ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

இன்கமர் ஏன் தாமதித்தது என்பது இதைவிட மோசமான கதை. அதில் எரிந்தது லாங் டைம் (ஓவர்லோடுக்கு மெதுவாக டிரிப் கொடுக்கும் பாதுகாப்பு) இண்டிகேஷன். ஷார்ட் டைம் எரியவில்லை. எங்கள் செட்டிங் ஷீட்டின்படி ஷார்ட் டைம் 4 மடங்கு, அதாவது 10,000 ஆம்பியர், 0.3 நொடி. டயலைப் பார்த்தால் 10 மடங்கில் நிற்கிறது, அதாவது 25,000 ஆம்பியர். எர்த் ஃபால்ட் (கரண்ட் பூமிக்குப் போனால் டிரிப் கொடுக்கும் பாதுகாப்பு) முழுக்க ஆஃப். கேபிளின் தூரக் கடைசியில், அதுவும் ஆர்க் (காற்றில் தாவும் தீப்பொறி) வழியாகப் பாயும் கரண்ட், பஸ்பார் ஷார்ட் அளவுக்கு வராது. அது 10,000 ஆம்பியரைத் தாண்டியிருந்தாலும் 25,000ஐத் தொடவில்லை. ஆகவே சாதாரண ஓவர்லோடு போல எண்ணி, லாங் டைம் வளைவில் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தது யூனிட். ஆர்க் வெளியிடும் வெப்பம் நேரத்தோடு நேராகக் கூடும். 0.3 நொடியில் முடிய வேண்டியது 6 நொடி எரிந்தால் 20 மடங்கு. அந்த நேரத்தில் ஒருவர் எம்சிசி கதவைத் திறந்து வைத்து வேலை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

டெஸ்ட்டுக்காக செட்டிங்கை மாற்றுவது தப்பில்லை. ஒரே ஃபேஸில் கரண்ட் செலுத்தினால் எர்த் ஃபால்ட் முதலில் முந்திக்கொண்டு டிரிப் கொடுக்கும், அதனால் அதைத் தற்காலிகமாக நிறுத்தித்தான் லாங் டைமை டெஸ்ட் செய்வார்கள். மாற்றும் முன் ஒரு போட்டோ, முடித்த பின் ஒரு போட்டோ, இரண்டையும் செட்டிங் ஷீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்து. இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இதற்கு மேல்தான் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தோம். ஒரு பிரேக்கரின் மூன்று போல்களுக்கும் (ஃபேஸுக்கு ஒன்று) காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் ஒரே அளவு, கடைசி இலக்கம் வரை. அடுத்த பிரேக்கருக்கும் அதே எண். சர்வீஸுக்கு முன், சர்வீஸுக்குப் பின் என்ற இரண்டு பத்திகளிலும் வித்தியாசமே இல்லை. ஒரு பக்கத்தில் 3200 ஆம்பியர் பிரேக்கர் என்று எழுதியிருக்கிறது, எங்களிடம் 3200 கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'பிரைமரி இன்ஜெக்ஷன் 4800 ஆம்பியர்' என்று ஒரு வரி, அதாவது பிரேக்கர் வழியாகவே அவ்வளவு கரண்ட்டைச் செலுத்திச் சோதித்தார்களாம். 1600 ஆம்பியர் செட்டிங்கின் 3 மடங்கு, கணக்கு சரி. ஆனால் 4800 ஆம்பியரைச் செலுத்துகிற மெஷின் ஒருவர் கையில் தூக்கிவரும் சூட்கேஸில் வராது. சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள், தடித்த கேபிளோ காப்பர் பாரோ பிரேக்கர் முனையில் போல்ட் போட்டு இணைப்பார்கள். அன்று அப்படி எதுவும் எங்கள் கேட்டுக்குள் வரவில்லை. செக்யூரிட்டி பதிவேட்டில் இருக்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறைய இடங்களில் ஏமாறுகிறார்கள். செகண்டரி இன்ஜெக்ஷன் டிரிப் யூனிட்டின் மூளையை மட்டும் சோதிக்கும். சிடி (பிரேக்கர் வழியாகப் போகும் கரண்ட்டை அளந்து யூனிட்டுக்குச் சொல்லும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) திறந்திருந்தாலோ, வயரிங் விட்டுப்போயிருந்தாலோ, ஆக்சுவேட்டர் பிளக் கழன்றிருந்தாலோ, மெக்கானிசம் இறுகிக் கிடந்தாலோ அது சொல்லாது. பிரைமரி இன்ஜெக்ஷனில் உண்மையான கரண்ட் காண்டாக்ட் வழியாகப் போய், சிடி அதைப் பார்த்து, யூனிட் முடிவெடுத்து, பிரேக்கர் திறக்க வேண்டும். சங்கிலியில் எது அறுந்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் பிரைமரி செய்ய முடியாவிட்டால் பரவாயில்லை, செகண்டரிதான் செய்தோம் என்று நேர்மையாக எழுதட்டும். செகண்டரியிலும் குறைந்தது ஒரு தடவையாவது பிளக் மாட்டிய நிலையில் பிரேக்கர் நிஜமாகத் திறக்க வேண்டும்.

பிளக்கைச் சரியாக மாட்டிய பிறகு அதே ஃபீடரை டெஸ்ட் பொசிஷனில் (மெயின் சப்ளையோடு சேராத நிலை) வைத்து ஷண்ட் டிரிப் (பிரேக்கரைத் திறக்கும் காயிலுக்கு மின்சாரம்) கொடுத்துப் பார்த்தோம். முதல் தடவை 'டக்' என்று வர வேண்டிய சத்தம் ஒரு இழுவையோடு வந்தது. இரண்டாவது தடவை பரவாயில்லை, மூன்றாவது தடவை புதுசு போல. பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கிறது, ஒரு தடவை அசைந்ததும் விட்டுக்கொடுக்கிறது. ஃபால்ட் வரும்போது நமக்குக் கிடைப்பது அந்த முதல் தடவைதான். ஆகவே தொடாமல், துடைக்காமல், ஆன் ஆஃப் செய்து பார்க்காமல், முதல் டிரிப்பை அப்படியே பதிவு செய்ய வேண்டும். வந்ததும் வராததுமாக நாலு தடவை ஆன் ஆஃப் செய்துவிட்டு டெஸ்ட் ஆரம்பிக்கிறவர்கள், தேடி வந்த குறையைத் தாங்களே மறைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பிரேக்கர்களில் அவர்கள் செய்த 'லூப்ரிகேஷன்' துரு இளக்கும் ஸ்ப்ரே. அது பழைய கிரீஸைக் கரைத்து அடிக்கும்போது வழவழவென்று இருக்கும், அன்று பிரேக்கர் சுறுசுறுப்பாக வேலை செய்யும். பிறகு அது ஆவியாகி, இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போய், மிச்சத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸைச் சொன்ன இடத்தில் மட்டும், சொன்ன அளவு வைப்பதுதான் முறை. பேனலின் இணைப்பைக் கவ்வும் பின்பக்க கிளஸ்டர் விரல்களுக்கு ஒரு வகை, மெக்கானிசத்துக்கு வேறு வகை. இவர்கள் மெயின் காண்டாக்ட் முகத்திலேயே கிரீஸைப் பூசியிருந்தார்கள். எங்கள் பையன் அன்றே, "அண்ணே, காண்டாக்ட் மேலயே பூசலாமா?" என்று கேட்டிருக்கிறான். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி, நீ அந்த கவரைப் பிடி" என்று பதில் வந்திருக்கிறது.

அடுத்தது அரம். ஆர்க் சூட்டை (காண்டாக்ட்டின் மேல் தீப்பொறியை அணைக்கும் பெட்டி) கழற்றியதும் எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளிக் கலவை காண்டாக்ட்டில் அரம் போட்ட கோடுகள், ஒரு போலில் விளிம்பில் செம்பு எட்டிப் பார்க்கிறது. வெள்ளி கறுத்துப்போவது இயல்பு, அந்தக் கறுப்பு சுத்தமான துணியால் துடைத்தால் போதுமான அளவு போகும். அரம் போட்டால் பளபளப்பாகத் தெரியும், போட்டோவில் சர்வீஸ் செய்த மாதிரி இருக்கும். ஆனால் போனது போனதுதான், வெள்ளி திரும்ப வளராது. நாங்கள் 100 ஆம்பியர் டிசி மைக்ரோ ஓம் மீட்டர் வைத்து அளந்தபோது அந்த பிரேக்கரில் ஒரு போல் 31 மைக்ரோ ஓம், அடுத்தது 34, செம்பு தெரிந்த போல் 92. மூன்று போல்களில் மிகக் குறைந்ததைவிட 50 சதவீதத்துக்கு மேல் ஒன்று விலகினாலே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். இது மூன்று மடங்கு.

பழைய பிரேக்கரிலோ அட்ஜஸ்ட்மென்ட்டிலேயே கை வைத்திருக்கிறார்கள். லாக் நட்டில் தயாரிப்பாளர் வைத்த பெயின்ட் கோடு உடைந்து கிடக்கிறது. மூன்று போலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், தொட்ட பிறகு ஸ்பிரிங் அழுத்தம் வரும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர வேண்டும். ஆர்க்கிங் காண்டாக்ட் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும், அப்போதுதான் தீப்பொறியை அது வாங்கிக்கொண்டு மெயின் காண்டாக்ட்டைக் காப்பாற்றும். இந்த வரிசை கெட்டால் மெயின் காண்டாக்ட்டே ஆர்க்கை வாங்கும். இதையெல்லாம் அந்த மாடலுக்கான மேனுவலும் கேஜும் வைத்துத்தான் தொட வேண்டும். டிரிப் லாட்ச் பிடிப்பும் அப்படித்தான். அதிகம் பிடித்தால் டிரிப் ஆகாது, குறைவாகப் பிடித்தால் பக்கத்துக் கதவைச் சாத்தினாலே விழும். இவர்களிடம் கேஜும் இல்லை, மேனுவலும் இல்லை. ஸ்பேனர் மட்டும் இருந்தது.

இன்சுலேஷன் அளவுகள் மட்டும் நாங்கள் மெகர் போட்டபோது நன்றாகவே இருந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன் செய்து கேட்டபோது, "சார், எங்க ஆளுங்க போனப்புறம் யாராவது டயலைத் திருப்பியிருப்பாங்க" என்றார் அவர்களுடைய மேனேஜர். டிரிப் யூனிட்டின் கண்ணாடி மூடியில் அவர்கள் ஒட்டிய தேதி போட்ட ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருக்கிறது, அதைக் கிழிக்காமல் டயலைத் தொட முடியாது. போட்டோ அனுப்பினோம். பிறகு பேச்சு மாறியது, இலவசமாகத் திரும்ப சர்வீஸ் செய்து தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டோம். பிரைமரி இன்ஜெக்ஷன் செய்த மெஷினின் சீரியல் நம்பரும் காலிப்ரேஷன் சான்றிதழும் கொடுங்கள் என்று கேட்டோம், இன்றுவரை வரவில்லை.

உங்களிடம் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், முதலில் மூன்று போல்களின் எண்களைப் பாருங்கள். அசல் அளவீட்டில் மூன்றும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வருவது மிக அரிது. பிறகு செட்டிங் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயலாக நேரில் பாருங்கள், இதற்கு ஷட்டவுன்கூட வேண்டாம். அடுத்த ஷட்டவுனில் பிளக்கைப் பாருங்கள். புதிதாக ஆர்டர் கொடுக்கும்போது, முதல் டிரிப் நம் ஆள் முன்னிலையில்தான், எந்த கிரீஸ் என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும், காண்டாக்ட்டில் அரமோ எமரி தாளோ பட்டால் காண்டாக்ட் செட்டை அவர்களே மாற்றித் தர வேண்டும் என்று மூன்று வரி சேர்த்துவிடுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இதற்குத் தயங்குவதில்லை, எங்களுக்கு இப்போது வருகிறவர்கள் இதையெல்லாம் நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார்கள்.

இன்கமரும் அந்த ஃபீடரும் ஓவர்ஹால் ஆகி, பிரைமரி இன்ஜெக்ஷன் எங்கள் கண் முன்னால் முடிந்துவிட்டது. அரம் பட்ட பிரேக்கருக்குப் புது காண்டாக்ட் செட் வர வேண்டும், பழைய பிரேக்கரின் அட்ஜஸ்ட்மென்ட்டைத் தயாரிப்பாளரின் ஆட்கள் வந்துதான் பார்ப்பார்கள். அதுவரை அந்த இரண்டு ஃபீடர்களிலும் லோடைக் குறைத்து ஓட்டுகிறோம், அவை ஆனில் இருக்கும்போது அவற்றின் கீழுள்ள எம்சிசி கதவைத் திறக்க யாருக்கும் பெர்மிட் கொடுப்பதில்லை.