3 அடி பியர்டட் டிராகன் 'ஸ்டார்ட்டர் கிட்': எது தேறும், எதை மாற்ற வேண்டும்

பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகைப் பிராணியின் குட்டியை வாங்கப் போனால், பிரிட்டனில் பல கடைகளில் முதலில் காட்டுவது 'கம்ப்ளீட் ஸ்டார்ட்டர் கிட்' என்ற பெரிய அட்டைப்பெட்டியைத்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும், உள்ளே இருப்பது அதிகம் மாறாது. 3 அடி மரப்பெட்டி, முன்புறம் தள்ளுக் கண்ணாடி, 60 வாட் பல்பு, சூட்டைக் கட்டுப்படுத்தும் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட், யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் சுருள் வடிவ பல்பு, ஒட்டுகிற டயல் தெர்மாமீட்டர் இரண்டு, கால்சியம் மணல் ஒரு பை, பிளாஸ்டிக் செடி, இரண்டு கிண்ணங்கள், ஒரு சின்ன டப்பா சத்துப்பொடி. இதில் கிண்ணங்களும் செடியும் தேறும், மரப்பெட்டி சில மாதங்களுக்குத் தேறும். மீதி கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் மாற்று வாங்க வேண்டியிருக்கும். அந்தச் சுருள் பல்பை மட்டும் முதல் நாளே கழற்றிவிடுங்கள். குட்டியின் எலும்பு யுவிபி கதிரைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இந்தப் பிராணி நம் வேலியோர ஓணானுக்குச் சொந்தம், ஒரே அகாமிட் குடும்பம். ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. வேலிக்கம்பத்திலும் மரக்கட்டையிலும் ஏறி உட்கார்ந்து, காலை வெயிலை முதுகில் வாங்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகே இரை தேடும். 1960களிலிருந்தே ஆஸ்திரேலியா தன் காட்டுப் பிராணிகளை உயிரோடு வணிகத்துக்காக வெளியே அனுப்புவதில்லை. அதனால் இன்று கடையில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள் பிறந்தவை. ஆனாலும் வெயில் இல்லாமல் அவற்றால் வளர முடியாது. தோலில் படும் யுவிபி கதிரால்தான் வைட்டமின் டி3 உருவாகிறது, டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். வெயிலுக்குப் பதிலாக நாம் தருவதை அரைகுறையாகத் தந்தால் வளரும் எலும்பு வளைந்துவிடும்.

சுருள் பல்பின் குறை அதன் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு கையளவு இடத்தில் மட்டும் கதிர் விழும், அரையடி தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும். டிராகனுக்குத் தலை முதல் வால் அடிவரை முதுகு முழுக்கக் கதிர் பட வேண்டும். அதற்கு நீளமான டி5 ஹை அவுட்புட் டியூப்தான் வழி. ஆர்க்காடியாவின் ப்ரோ டி5 கிட் யுவிபி வலிமை 12 சதவீதம் என்று குறித்த டியூபோடு வருகிறது, கதிரைக் கீழே திருப்பும் ரிஃப்ளெக்டரும் மின்சாரத்தைச் சீராக்கும் பாலஸ்டும் ஒரே சட்டத்தில் அடங்கிவிடும். ஸூ மெட் ரெப்டிசன் 10.0 டி5 டியூபும் நல்லது, அதற்குப் பொருந்தும் சட்டம் தனியாக வாங்க வேண்டும். 3 அடிப் பெட்டிக்கு 24 வாட், 4 அடிப் பெட்டிக்கு 39 வாட். பெட்டி நீளத்தில் பாதிக்கு மேல், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குவரை டியூப் இருந்தால் சரி. சூட்டு பல்பு இருக்கும் பக்கத்திலிருந்தே அது தொடங்க வேண்டும். வெயிலும் சூடும் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் குட்டி அங்கே உட்காரும், இன்னொரு பக்கம் நிழலும் மிஞ்சும். டி8 என்ற பழைய, தடித்த டியூபுக்கான கன்ட்ரோலரில் டி5 டியூபை மாட்டாதீர்கள், அது அதற்கானதல்ல.

டியூபுக்கும் குட்டியின் முதுகுக்கும் இடையே, நடுவில் வலை ஏதும் இல்லாவிட்டால், 30 முதல் 38 செ.மீ. தூரம் வேண்டும். மேலே வலை போட்ட கண்ணாடித் தொட்டி என்றால் வலையே கதிரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தின்றுவிடும், தூரத்தைக் குறைக்க வேண்டும். கண்ணாடி வழியே யுவிபி வராது. ஆகவே ஜன்னலோரம் வைத்தாலே வெயில் கிடைத்துவிடும் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், பெட்டி சூடாவதுதான் மிச்சம். குட்டி உட்காரும் இடத்தில் புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் யுவி இண்டெக்ஸ் 3 முதல் 5 வரை இருந்தால் போதும், 7ஐத் தாண்டக்கூடாது. இதை அளக்க சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி உண்டு. விலை அதிகம், ஒரு வீட்டுக்கென்று வாங்கத் தேவையில்லை. ஊர்வன வளர்ப்போர் சங்கங்களிலோ நல்ல கடையிலோ இருந்தால் கேட்டு வாங்கி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். டியூப் வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வற்றிப்போகும். 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாட்டிய தேதியை டியூபின் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

கிட்டின் மரப்பெட்டி எங்கே இடிக்கிறது என்பதும் இந்தத் தூரக் கணக்கில்தான் தெரியும். உயரம் 45 செ.மீ. டியூப் சட்டத்துக்கு 5, ஏறி உட்காரும் கல்லுக்கு 15, குட்டியின் உடம்புக்கு 3 கழித்தால் மிஞ்சுவது 22 செ.மீ. 12 சதவீத டியூபுக்கு அது மிகவும் பக்கம், கண் கூசி எப்போதும் மூடியே இருக்கும். கல்லைத் தணித்து, தட்டையான ஓடு ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அது தற்காலிகம்தான். வளர்ந்த டிராகன் மூக்கு முதல் வால் நுனிவரை 45 முதல் 60 செ.மீ. வரும். அதற்குக் குறைந்தது 120 நீளம், 60 அகலம், 60 உயரம் வேண்டும். குட்டி ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ முழு அளவுக்கு வந்துவிடும். இரண்டு முறை பெட்டி வாங்குவதைவிட, முதலிலேயே 4 அடிப் பெட்டி வாங்கி, ஒளிய இரண்டு மூன்று இடம் கூடுதலாக வைப்பது லாபம். பெரிய பெட்டியில் குட்டி பயந்துபோகும் என்று சொல்வார்கள். வெறுமையாக இருந்தால்தான் பயம், மறைவிடம் இருந்தால் இல்லை.

மரப்பெட்டியைப் பொருத்தி முடித்ததும் உள் மூட்டுகளில் மீன்தொட்டிக்கான சிலிக்கோன் ஓட்டி, வாடை முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று நாள் திறந்து வையுங்கள். மூட்டில் இடுக்கு இருந்தால் தீனிக்கு விட்டுத் தப்பிய சில்வண்டெல்லாம் (கிரிக்கெட் பூச்சி) அங்கேதான் குடியிருக்கும்.

சூட்டு விஷயத்தில் கிட் செய்யும் தவறு தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. ஆன்-ஆஃப் வகை சூட்டுப் பாய்க்குப் போதும். பல்புக்கு மாட்டினால் அது அணைந்து எரிந்து அணைந்து எரியும். குட்டி ஒவ்வொரு முறையும் திடுக்கிடும், பல்பும் சீக்கிரம் போய்விடும். பல்புக்கு வேண்டியது டிம்மிங் தெர்மோஸ்டாட், வெளிச்சத்தை மெல்லக் குறைத்துக் கூட்டும். பல்பாக 75 அல்லது 100 வாட், பார்38 அளவு, வெளிச்சத்தை அகலமாகப் பரப்பும் ஹாலோஜன் ஃப்ளட் போடுங்கள். ஸ்பாட் வகை ஒரே புள்ளியில் குவிந்து முதுகைச் சுட்டுவிடும். பெட்டிக்குள்ளே பல்பு தொங்கினால் கம்பிக் கூண்டு கட்டாயம், குட்டிகள் தாவும்.

உட்காரும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர்முனையில் 24 முதல் 27, இரவில் 18க்குக் கீழே போகாத வரை எந்தச் சூடும் வேண்டாம். குளிர்கால இரவில் அறை அதற்கும் கீழே போனால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பல்ஸ் தெர்மோஸ்டாட்டில் மாட்டலாம். சிவப்பு, நீல 'இரவு பல்பு' வேண்டாம், அந்த நிறங்கள் டிராகனுக்கு நன்றாகவே தெரியும், தூக்கம் கெடும். கிட்டின் டயல் தெர்மாமீட்டர் அது ஒட்டியிருக்கும் சுவரோரக் காற்றைத்தான் சொல்லும். டயல் 33 காட்டும்போது, இரண்டு கை தள்ளி பல்புக்கு நேர் கீழே இருக்கும் கல் 50ஐத் தொட்டிருக்கலாம். கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கல்லுக்கு நேரே பிடித்தால் ஒரு நொடியில் உண்மை தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைக் கிளிப் போட்டு இறுக்கி வையுங்கள். அது நழுவிக் குளிர்ப் பக்கம் விழுந்தால், பெட்டி குளிர்ந்துவிட்டதாக நினைத்துத் தெர்மோஸ்டாட் பல்பை முழு வேகத்தில் எரியவிடும். குட்டி சூட்டில் சாக இந்தச் சின்ன நழுவலே போதும். மின்சாரத்தில் சூடாகும் 'ஹீட் ராக்' வைத்த கிட்டும் கிடைக்கிறது. வயிற்றுத்தோல் வெந்து கொப்புளிக்கும், அதை அப்படியே ஒதுக்குங்கள். வெளிச்சத்துக்கு ஒரு டைமர் போதும், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம்.

கால்சியம் மணல் பையைப் பிரிக்கவே வேண்டாம். ஈரம் பட்டால் கட்டியாகும் பொருள் அது. குட்டி பூச்சியைக் கவ்வும்போது நாக்கில் ஒட்டி உள்ளே போனால் குடலில் அடைத்துக்கொள்ளும். கால்சியம் என்று பெயர் இருப்பதால் தின்றாலும் நல்லது என்று விற்கிறார்கள், அதுதான் ஆபத்து. முதல் ஆறு மாதம் கிச்சன் பேப்பரோ, சொரசொரப்பான தரை ஓடோ போடுங்கள். ஓட்டில் நகமும் தேயும், சூடும் தங்கும். பேப்பரில் இன்னொரு நன்மை, எச்சம் எப்படி இருக்கிறது என்று தினமும் பார்க்க முடியும். தண்ணீராக, நாற்றத்தோடு மூன்று நாள் தொடர்ந்தால் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். குட்டி வாங்கிய முதல் மாதத்திலேயே ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

ஒரு பெட்டிக்கு ஒரு குட்டிதான். ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதைப் பாசம் என்று கடையில் சொல்லக்கூடும். மேலே இருப்பது கீழே இருப்பதன் வெயிலைப் பறிக்கிறது. பசித்தால் விரலையும் வால் நுனியையும் கடித்துத் துண்டாக்கும். பல்லிக்கு வளர்வதுபோல் டிராகனுக்கு வால் திரும்ப வளராது.

தீனியைப் பற்றிக் கிட்டோடு வரும் தாளில் நாலு வரிதான் இருக்கிறது, அதில் மீல்வேர்ம் என்ற புழுவை அன்றாட உணவாகச் சொல்வது தவறு. ஓடு தடித்தது, கால்சியம் குறைவு. குட்டிக்கு அடிப்படை உணவு சில்வண்டு, சின்ன வெட்டுக்கிளி, டூபியா கரப்பான் ஆகியவைதான். பூச்சியின் நீளம் குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. நான்கு மாதம்வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 10 முதல் 15 நிமிடத்தில் தின்ன முடிந்த அளவு. பசியுள்ள குட்டி ஒரே நாளில் 25 முதல் 50 சின்னச் சில்வண்டுகளைத் தீர்த்துவிடும், மாதச் செலவைக் கணக்குப் போடும்போது இதை மறக்காதீர்கள். விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து முதல் வேளை, விளக்கு அணைய இரண்டு மணி நேரம் முன்பே கடைசி வேளை. உடம்பில் சூடு இல்லாமல் செரிக்காது. மீந்த சில்வண்டை எடுத்துவிடுங்கள், இரவில் தூங்கும் குட்டியின் விரலிடுக்கை அவை கடிக்கும்.

டப்பாவில் வாங்கி வந்த பூச்சி பட்டினியாகக் கிடந்தது. கேரட் துண்டும் கீரையும் போட்டு ஒரு நாள் தின்னவிட்ட பிறகே குட்டிக்குக் கொடுங்கள். அதன் பிறகு பொடி. சில்வண்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு, டிராகனுக்கோ பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு கால்சியம் வேண்டும். உயரமான டம்ளரில் ஒரு வேளைக்கான பூச்சிகளைக் கொட்டி, டி3 சேராத சாதாரண கால்சியம் ஒரு சிட்டிகை போட்டு மெல்லச் சுழற்றுங்கள். திருநீறு பூசியதுபோல் மெல்லிய வெள்ளை படிந்தால் போதும், மாவில் புரட்டியதுபோல் இருந்தால் குட்டி துப்பிவிடும். வாரம் ஐந்து நாள் இது, மற்ற இரண்டு நாள் டி3யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த பொடி. பிரிட்டனில் வெட்டார்க் நிறுவனத்தின் நியூட்ரோபால் பரவலாகக் கிடைக்கிறது. கிட்டில் வரும் டப்பாவில் டி3 எவ்வளவு, பாஸ்பரஸ் உண்டா என்று பாருங்கள். தெளிவாகப் போடாவிட்டால் விட்டுவிடுங்கள். திறந்த பொடியை ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும்.

கீரையைத் தினமும் காலையில் பூச்சிக்கு முன்னால் வையுங்கள், பொடியாக நறுக்கி. குட்டி பல வாரம் சீந்தாது, அதற்காக நிறுத்தக்கூடாது. வளர்ந்த பிறகு தட்டில் பெரும்பங்கு கீரைதான். நம் வீடுகளில் கைக்கு எட்டும் முளைக்கீரை, தண்டுக்கீரை, ஸ்பினாச் மூன்றிலும் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கடுகுக்கீரை, ரொக்கெட், டேண்டிலயன் இலை, துருவிய பட்டர்நட் பூசணி நல்லவை. அவகாடோவும் ருபார்பும் நஞ்சு. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம். கனடா, அமெரிக்காவில் இருந்து இதை வாசிப்பவர்கள் மின்மினி விஷயத்தில் குறிப்பாக எச்சரிக்கையாக இருங்கள். அங்குள்ள மின்மினிகளில் உள்ள லூசிபுஃபாஜின் என்ற நச்சால், ஒரே மின்மினியைத் தின்ற டிராகன்கூட இறந்திருக்கிறது.

குட்டி நடக்கும்போது வயிறு தரையில் இழுபட்டால், கால்விரல் துடித்தால், கீழ்த்தாடை ரப்பர்போல வளைந்தால் அது எலும்பு நோயாக இருக்கலாம், அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பகலெல்லாம் தூங்கினால் முதலில் கல்லின் சூட்டை அளந்து பாருங்கள். வாய் திறந்து வெயில் காய்வதும், கையை மெல்லச் சுழற்றிக் காட்டுவதும் இயல்புதான்.

தொட்ட பிறகு கை கழுவுவதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் பியர்டட் டிராகன்களிடமிருந்து சால்மனெல்லா பரவியது, பாதிக்கப்பட்டவர்களில் பலர் சின்னக் குழந்தைகள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், அதற்கென்று ஒரு வாளி வையுங்கள்.

கிட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பணத்தை இந்த வரிசையில் போடுங்கள்: முதலில் டி5 டியூப், அடுத்து டிம்மிங் தெர்மோஸ்டாட்டும் ஹாலோஜனும், அடுத்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், குட்டியின் எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 4 அடிப் பெட்டி சில மாதம் பொறுக்கும். இன்னும் வாங்கவில்லை என்றால், வெறும் 4 அடிப் பெட்டியை மட்டும் தருவார்களா என்று கடையில் கேளுங்கள், பலர் தருவார்கள். எல்லாம் மாட்டி, குட்டி இல்லாமலே இரண்டு நாள் ஓடவிட்டு, காலை, மதியம், இரவு என்று கல்லின் சூட்டைக் குறித்துவையுங்கள். இரண்டு நாளும் எண்கள் ஒத்துப்போனால், மூன்றாம் நாள் போய் எட்டு வாரத்துக்குக் குறையாத, கண் தெளிந்த, விரல் எல்லாம் முழுசாக உள்ள குட்டியாகப் பார்த்து எடுத்து வாருங்கள்.