புயல் நேரத்து ஏரிக்கரைப் பயணம்: ஹைவே 61-ஆ, எம் 22-ஆ, எம் 28-ஆ?

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சிகாகோ நண்பர்கள் குழுவில் ஒரே பேச்சுதான்: இந்த முறை எந்த ஏரிக்கரைக்குப் போவது? எல்லோரும் இலை நிறம் மாறும் வரைபடத்தைப் பார்ப்பார்கள், அறை போடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவுதான் யாராவது வானிலையைப் பார்த்துவிட்டு, “மச்சி, அங்கே புயலாம்” என்பார்கள். தலைப்பில் உள்ள மூன்றும் அமெரிக்காவின் பேரேரிகளான சுப்பீரியர், மிச்சிகன் கரைகளில் ஓடும் சாலைகள். மூன்றிலும் நான் புயலோடு போய் வந்திருக்கிறேன். அக்டோபர் பாதி தாண்டிவிட்டால் இலையைவிடக் காற்றைத்தான் பார்க்க வேண்டும். பலமாக அடிக்கிறதா என்பதோடு, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் இருக்கிறது. எது வீசினால் எந்தக் கரை கொந்தளிக்கும் என்பது மீனவர்களுக்கு அத்துப்படி. இந்த ஏரிகளுக்கும் அதே கணக்குதான். சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கோடை முழுக்க வாங்கிய சூட்டைத் தண்ணீர் இன்னும் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்குவதால்தான் அக்டோபர், நவம்பர் புயல்களுக்கு அவ்வளவு வேகம். காற்று தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வருகிறதோ, அந்த அளவுக்கு அலை வளரும்.

சரி, சாலைகளுக்கு வருவோம்.

ஹைவே 61 மினசோட்டாவில் டுலூத்திலிருந்து கனடா எல்லை வரை சுமார் 150 மைல் போகிறது. வலது பக்கம் ஏரி, இடது பக்கம் மலை. சுப்பீரியரின் நீளம் 350 மைல், டுலூத் அதன் மேற்கு மூலையில் இருக்கிறது. வடகிழக்குக் காற்று அடித்தால் ஏரியின் மொத்த நீளத்தையும் ஓடிக் கடந்து, கடைசியில் இந்த மூலையில் வந்து மோதும். 2017 அக்டோபருக்கும் 2018 அக்டோபருக்கும் இடையில் மூன்று புயல்கள் டுலூத்தின் ஏரிக்கரை நடைபாதையைப் பெயர்த்துப் போட்டன. நாங்கள் போன அன்றும் வடகிழக்குதான். துறைமுகத்துக்குள் கப்பல் நுழைகிற கால்வாய் ஓரம் நின்றோம். சுவரில் மோதிய அலை எழும்பி விளக்குக் கம்பத்துக்கு மேலே போய், ஒரு நொடி அங்கேயே நின்ற மாதிரி இருந்து, மொத்தமாகக் கொட்டியது. மெரினாவில் புயல் நாளில் கேட்கிற அதே இரைச்சல். ஆனால் உதட்டில் தெறித்த தண்ணீரில் உப்பே இல்லை. காற்றில் கடல் வாடையும் இல்லை. காது கடல் என்கிறது, மூக்கு மறுக்கிறது. அந்தக் குழப்பம் தீர எனக்கு வெகு நேரம் பிடித்தது.

இந்தச் சாலையில் எனக்குப் பிடித்தது உயரம். பாலிசேட் ஹெட் என்ற பாறை முகட்டில் காரிலேயே ஏறிவிடலாம். கீழே சுமார் 300 அடியில் ஏரி. அலை பாறையில் மோதுவதைக் காலடியில் உணரலாம், ஆனால் அது உங்களைத் தொடாது. தடுப்புக் கம்பி கிடையாது, ஆகவே காற்று நாளில் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நிற்க வேண்டும். இன்னொன்று, காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள். பின்னாலிருந்து காற்று வந்தால் கதவைத் திறந்த மாத்திரத்தில் பிடுங்கிக்கொண்டு போகும். எங்கள் கார் கதவின் கீல் அன்றைக்கு வளைந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பின்சீட்டில் இருந்தவன் அந்தக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தான்.

குறை என்றால் தூரம். சிகாகோவிலிருந்து டுலூத்துக்கே ஏழரை மணி நேரம் ஆகும். கிராண்ட் மரே வரை போவதானால் இன்னும் இரண்டு மணி நேரம். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் இடுப்பு ஒடிந்துவிடும். டூ ஹார்பர்ஸ் வரை விரைவுச்சாலையை விட்டுவிட்டு, கரையை ஒட்டிய பழைய சாலையில் போங்கள். புகையில் வாட்டிய மீன் அந்த வழியில் கிடைக்கும்.

எம் 22 மிச்சிகன் மாநிலத்தில் மானிஸ்டீயிலிருந்து டிராவர்ஸ் சிட்டி வரை 116 மைல். சிகாகோவிலிருந்து நாலரை மணி நேரத்தில் அங்கே இருக்கலாம். இது மேற்குக் காற்றுக்கான சாலை, மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரை. அக்டோபர் நடுவில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும்போதே சூறைக்காற்றும் வரலாம் என்பதால், இலையும் அலையும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் பாதி வழி ஏரியே கண்ணில் படாது, மரமும் வீடுகளும் மறைத்துவிடும். ஸ்லீப்பிங் பேர் மணல்மேட்டின் உச்சியில், ஏரிக்கு 450 அடி மேலே, காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், கண்ணாடி இல்லாமல் நிற்கவே முடியாது. அந்தச் சரிவில் யாரும் இறங்க வேண்டாம். இறங்குவது ஐந்து பத்து நிமிடம். ஏறுவதற்குச் சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரம் ஆகலாம் என்று அங்கே எச்சரிக்கிறார்கள்.

எம் 22-க்கு மற்ற இரண்டுக்கும் இல்லாத ஒரு பெரிய வசதி உண்டு. அது ஒரு தீபகற்பத்தைச் சுற்றி வருகிறது. மேற்கே லீலண்டில் அலை படகுத்துறையின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. குடை திரும்பி, செருப்பு நனைந்து, போதும் என்று காரில் ஏறினோம். குறுக்கே இருபது நிமிட ஓட்டத்தில் கிழக்குப் பக்கம் சட்டன்ஸ் பே. அங்கே தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி, கொண்டுபோன புளிசாதத்தை நிதானமாகச் சாப்பிட்டோம். கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது புயல் என்றால் பயம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். பயப்படுகிற நண்பரை இரண்டு நாள் காருக்குள் அடைத்து வைத்துக்கொண்டு யாரும் சந்தோஷமாக இருக்க முடியாது.

இதன் வடக்கே எம் 119 என்று ஒரு மரச்சுரங்கச் சாலை இருக்கிறது. அழகுதான், ஆனால் நடுக்கோடு இல்லாத ஒடுக்கமான பாதை, ஈர இலை சோப்பு மாதிரி வழுக்கும், காற்றில் கிளை முறியும். புயல் அடங்கிய மறுநாள் போங்கள்.

எம் 28 சுப்பீரியரின் தென்கரை. மியூனிசிங்கிலிருந்து மார்கெட் நகரம் வரை உள்ள சுமார் 40 மைல்தான் இங்கே விஷயம். வடக்கு, வடமேற்குக் காற்றை இது நேராக நெஞ்சில் வாங்கும். பல இடங்களில் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மணல் திட்டுதான் இருக்கிறது. நாங்கள் போனபோது தார் ரோட்டின் மேல் மணலும் நுரையும் பாம்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. மூன்று பேர் போகலாம் என்றோம். ஓட்டியவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினான். அவன் செய்ததுதான் சரி. இந்தச் சாலையைப் புயலில் மூடுவதும் உண்டு. 2017 அக்டோபர் 24 அன்று மார்கெட்டுக்கு வெளியே ஏரியில் மிதவைக் கருவிகள் கிட்டத்தட்ட 29 அடி அலையைப் பதிவு செய்தன. அன்றைக்கே ஊரின் கரும்பாறைக் கரையிலிருந்து இரண்டு பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. எனவே இந்த வழியை முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் காற்று தெற்கிலிருந்து வீசுகிற நாளில் போங்கள்.

ஆகவே எங்கள் வழக்கம் இப்போது இப்படி. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாக இரண்டு இடத்தில் பிடித்து வைக்கிறோம். வியாழன் மாலை தேசிய வானிலைச் சேவையின் ஏரி முன்னறிவிப்பைப் படிக்கிறோம். வடகிழக்கு என்றால் டுலூத், மேற்கு என்றால் எம் 22. காற்றின் வேகம் 34 நாட் (மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர்) தாண்டினால் சூறைக்காற்று எச்சரிக்கை வரும், அந்த எச்சரிக்கை வரைக்கும் உற்சாகமாகப் போகலாம். 48 நாட் (சுமார் 89 கிலோமீட்டர்) தாண்டிப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடுவோம். எந்த ஊரானாலும் அலைதடுப்புச் சுவரின் மேல் ஏறுவதில்லை. இருட்டின பிறகு ஓட்டுவதும் இல்லை, மான்கள் குறுக்கே பாய்கிற பருவம் இது.

இந்த வழக்கத்துக்கு ஒரே ஒரு விலக்கு. 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற 729 அடிக் கப்பல் இரும்புத் தாதுவோடு சுப்பீரியரில் மூழ்கியது. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பர் 10-ம் தேதியும் ஹைவே 61 ஓரம் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்தில் மணி அடித்து அந்தப் பெயர்களை வாசிக்கிறார்கள். முடிந்ததும் விளக்கை ஏற்றுகிறார்கள். 1905 நவம்பர் புயலில் கப்பல்கள் நொறுங்கியதால் கட்டி, 1910-ல் ஏற்றிய விளக்கு அது. நவம்பர் 10-க்கு மரத்தில் ஒரு இலைகூட மிஞ்சியிருக்காது. இந்த வருடம் நாங்கள் நாலு பேரும் அதற்குத்தான் போகிறோம், மேற்குக் காற்று அடித்து ஏரி சலனமில்லாமல் கிடந்தாலும்.