தோப்பும்படி சங்கிலிக் கடை: 10 எம்எம் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்

நங்கூரச் சங்கிலி வாங்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு, குமரி மாவட்டத்து நீரோடியிலிருந்து கொச்சி வரைக்கும் நான் தயங்காமல் சொல்லும் கடை ஒன்றுதான். கொச்சி தோப்பும்படியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. வெளியே நைலான் கயிற்றுச் சுருள்களும் மிதவைகளும் தொங்கும். உள்ளே போனால் இடது பக்கம் முழுக்கச் சங்கிலி டிரம்கள். நடத்துபவர் குளச்சல்காரர், கொச்சியில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவர் அண்ணாச்சி. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் போடவில்லை. ஹார்பரில் தூத்தூர், வள்ளவிளை ஆட்கள் யாரிடம் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

நான் படகுகளுக்குத் தளச் சாமான்கள் பூட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். எங்கள் ஊர் மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலும் கயிறும் நங்கூரமும்தான். வலை இழுக்கும் வின்ச்சையே நங்கூரத்துக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. இப்போது பூவார், விழிஞ்ஞம் பக்கம் தூண்டில் போட விருந்தினரைக் கூட்டிப் போகும் ஃபைபர் படகுகள் கூடிவருகின்றன. அவற்றில் சில பழைய உல்லாசப் படகுகள். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நங்கூரச் சங்கிலியை ஏற்றி இறக்கும் மின்சார விண்ட்லஸோடு வருகின்றன. என் மச்சான் கொச்சியில் வாங்கிய 34 அடிப் படகும் அப்படிப்பட்டதுதான்.

அதோடு வந்த சங்கிலி துருப்பிடித்துத் தேய்ந்து போயிருந்தது. மச்சான் எங்கள் பக்கத்து ஹார்டுவேர் கடை ஒன்றில் 10 எம்எம் சங்கிலி என்று கேட்டு வாங்கி மாட்டியிருந்தார். விழிஞ்ஞத்துக்கு வெளியே நங்கூரம் எடுக்கும்போது முதல் சில மீட்டர் நன்றாக வரும். பாரம் ஏறியதும் சங்கிலி சக்கரத்தின் மேல் ஏறிக் குதிக்கும். அப்புறம் படபடவென்று இரண்டு மூன்று மீட்டர் கடலுக்குள் திரும்ப ஓடிவிடும். விண்ட்லஸுக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அணியத்தில் நின்று சங்கிலியைக் கையால் பள்ளத்துக்குள் அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது அவருடைய மகன். இதை நான் பார்த்த அன்றே அந்த விண்ட்லஸின் சக்கரத்தைக் கழற்றினேன். ஓடும் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல் போனால் விரல் திரும்பி வராது. பணம் மிச்சம், நேரம் மிச்சம் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

விண்ட்லஸில் சங்கிலி உட்காரும் பள்ளங்கள் வெட்டிய சக்கரத்தை ஜிப்ஸி என்பார்கள். படுத்த வாக்கில் வரும் கண்ணி பள்ளத்தில் உட்காரும், நின்ற வாக்கில் வரும் அடுத்த கண்ணி நடுக் காடி வழியே போகும். ஆகவே கம்பியின் கனம் மட்டும் பொருந்தினால் போதாது. ஒரு கண்ணியின் உள் நீளம், அதாவது பிட்ச், பள்ளத்தின் இடைவெளியோடு அச்சாகப் பொருந்த வேண்டும். கனத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், பிட்ச்சைக் கேட்கிற கடையே எங்கள் பக்கத்தில் இல்லை.

ஜிப்ஸியைப் பையில் போட்டு, அந்தச் சங்கிலியிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு தோப்பும்படிக்குப் போனோம். "10 எம்எம் வேணும்" என்று மச்சான் ஆரம்பித்ததுமே அண்ணாச்சி, "சக்கரம் எங்க மக்கா?" என்றுதான் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். சக்கரத்தையும் துண்டையும் வாங்கி மேசை மேல் வைத்தார். சங்கிலித் துண்டை இழுத்துப் பிடித்து 10 கண்ணிகளின் மொத்த நீளத்தை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தார். 320 மில்லிமீட்டர் வந்தது. இரண்டு முனையிலும் உள்ள கம்பியின் கனத்துக்கு 20 கழித்தால் 300, பத்தால் வகுத்தால் பிட்ச் 30.

ஜிப்ஸியோ 28 பிட்ச்சுக்கு வெட்டியது. 10 எம்எம் சங்கிலியில் டிஐஎன் 766 என்ற ஜெர்மன் தரத்துக்கு பிட்ச் 28, ஐஎஸ்ஓ 4565 தரத்துக்கு 30. இரண்டும் நங்கூரச் சங்கிலிதான், இரண்டும் 10 எம்எம்தான். தனித்தனியாகத் தொங்கவிட்டால் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். 8 எம்எம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு தரத்திலும் 24தான். 10 எம்எம்மில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

மச்சானின் சங்கிலி இந்த இரண்டுமே இல்லை என்று அண்ணாச்சி காட்டினார். மேலே அடித்திருந்த வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே கறுப்பு. பாரம் தூக்கும் கிரேன் சங்கிலி, பலத்தைக் குறிக்கும் எண்ணில் கிரேடு 80. அதன் பிட்ச் எப்போதும் கம்பிக் கனத்தைப் போல மூன்று மடங்கு, ஆகவே 10க்கு 30. தொழிற்சாலைகளுக்குத் தேவைப்படுவதால் ஹார்டுவேர் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது இதுதான். பலத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நாகப்பூச்சு, அதாவது கால்வனைஸ், இல்லாததால் உப்புத் தண்ணீரில் வேகமாகத் துருப்பிடிக்கும். சரி, நாமே நாகத்தில் முக்கிக்கொள்ளலாமே என்றால் அதுவும் ஆகாது. இந்தச் சங்கிலிக்குப் பலம் கொடுப்பது சூடுகாட்டிப் பதப்படுத்திய எஃகு. உருகிய நாகத்தின் சூட்டிலும் அதற்கு முன்னால் கொடுக்கும் அமிலக் குளியலிலும் அது கெடும்.

இரண்டு மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று மச்சான் கேட்டார். அண்ணாச்சி சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். ஐந்து பள்ளம், ஒரு முழுச் சுற்றுக்குப் பத்துக் கண்ணி. எங்கள் விண்ட்லஸ் படுக்கை வகை. சங்கிலி முன்னாலிருந்து வந்து சக்கரத்தின் மேல் ஏறி, நேராகக் கீழே உள்ள சங்கிலி அறைக்குள் விழுந்துவிடும். அதாவது கால் சுற்றுதான் பிடிப்பு. கால் சுற்றில் பிடிபடுவது இரண்டரைக் கண்ணி. நங்கூரமும் தொங்கும் சங்கிலியும் அலையின் இழுப்பும் எல்லாம் அந்த இரண்டரைக் கண்ணியின் மேல். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், பாரம் ஏறும்போது அடுத்த கண்ணி பள்ளத்தின் விளிம்பில் ஏறி நிற்கும், அப்புறம் வழுக்கும். செங்குத்து அச்சு கொண்ட வகையில் சங்கிலி அரைச் சுற்று போகும், அங்கே கொஞ்சம் மன்னிப்பு உண்டு. படுக்கை வகையில் கிடையாது.

எந்த வாடிக்கையாளருக்கும் இப்படி உட்கார்ந்து விளக்குகிறாரா என்று கவனித்தேன். எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒருவர் சக்கரத்தைக் கொண்டுவரவில்லை, விண்ட்லஸின் மாடலும் தெரியவில்லை. அவருக்கு ஒரு கண்ணிகூட விற்காமல், சக்கரத்தில் எண் அடித்திருக்கிறதா என்று பார்த்து ஃபோட்டோ அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கையில் வந்த வியாபாரத்தை விடுவது லேசான காரியம் இல்லை. அதற்காகவே அந்தக் கடைக்கு என் மரியாதை.

எடையைப் பற்றியும் ஒரு நல்ல பேச்சு நடந்தது. 10 எம்எம் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ, 8 எம்எம் ஏறக்குறைய 1.4. முப்பது மீட்டருக்கு முதலாவது 69 கிலோ, இரண்டாவது 42. இருபத்தேழு கிலோவை அணியத்திலிருந்து எடுத்துவிட்டால் எதிர் அலையில் படகு மூக்கைக் குத்துவது குறையும். பலமும் பெரிதாகக் குறையாது. கிரேடு 40 என்றால் அறுபடும் இழுப்பு சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன். 8 எம்எம் கண்ணியில் இரண்டு பக்கக் கம்பியும் சேர்ந்து 100 சதுர மில்லிமீட்டர், ஆகவே அறுபடும் பாரம் 4 டன்னுக்குக் கொஞ்சம் மேல். கிரேடு 30 வகை 10 எம்எம்முக்கு அதே கணக்கில் 4.8 டன். புதிதாக விண்ட்லஸ் வாங்குகிறவர்கள் 8 எம்எம் கிரேடு 40க்கே போகலாம் என்பதுதான் என் கருத்தும். எங்கள் பழைய விண்ட்லஸுக்கு 8 எம்எம் ஜிப்ஸி கிடைக்கவில்லை. அதனால் 28 பிட்ச் கொண்ட 10 எம்எம்மையே எடுத்தோம்.

வெட்டுவதற்கு முன் டிரம்மிலிருந்து இழுத்த சங்கிலியை ஜிப்ஸியில் மாட்டி, மேசையில் ஒரு முழுச் சுற்று உருட்டிக் காட்டினார். கண்ணி ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் உட்கார்ந்து எழுந்தது. நாகப்பூச்சு தடித்துக் கட்டியாக நிற்கும் இடங்களையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். பழைய சங்கிலியை மறுபடி நாகத்தில் முக்கி வாங்குகிறவர்கள் இதை மறக்காமல் பார்க்க வேண்டும், அந்தக் கட்டிகளே கண்ணியைப் பள்ளத்துக்குள் விடாது. ஸ்டெயின்லெஸ் சங்கிலியும் வைத்திருக்கிறார். பளபளப்பாக இருக்கிறது, அறைக்குள் குவியாமல் வழுக்கி விழுகிறது. ஆனால் சேற்றில் புதைந்து கிடந்தால் உள்ளுக்குள்ளே அரிக்கும், வெளியே தெரியாது. எங்களுக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

விழிஞ்ஞத்தில் கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் 20 மீட்டர் வந்துவிடும். அணியத்தின் உயரம் ஒரு மீட்டரையும் சேர்த்து, அதைப் போல நான்கு மடங்கு நீளம் கடலில் விட வேண்டும் என்றால் 84 மீட்டர். அவ்வளவுக்கும் சங்கிலி போட இந்தப் படகு தாங்காது. முப்பது மீட்டர் சங்கிலி, அதற்கு மேல் 16 எம்எம் நைலான் கயிறு. கயிற்றை விண்ட்லஸின் மறுபக்கத்து உருளையில் சுற்றி எடுத்து, சங்கிலி வந்ததும் ஜிப்ஸிக்கு மாற்ற வேண்டும். கயிற்றையும் சங்கிலிக் கண்ணியையும் அவரே பின்னிக் கொடுத்தார், சுத்தமான வேலை. கயிற்றின் கடைசி முனையைப் படகில் ஷேக்கிள் என்ற இரும்புக் கொளுவி போட்டுப் பூட்டாமல், அவசரத்தில் கத்தியால் அறுக்கிற மாதிரி கட்டச் சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. விலை, முன்பு வாங்கிய கிரேன் சங்கிலியைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஐஎஸ்ஓ பிட்ச் 10 எம்எம் கையிருப்பில் வைப்பதில்லை, சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். அளந்து பார்த்துக் கொடுப்பதால் வரிசை நகரவே நகராது. ஊருக்கு அனுப்பும் ஏற்பாடும் அவரிடம் இல்லை. கொச்சியிலிருந்து எங்கள் கரைக்கு வரும் வேனில் நாங்கள்தான் ஏற்றிக்கொண்டோம். மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் கூட்டம் இன்னும் மோசம். எங்கள் குமரி மாவட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை இழுவலைப் படகுகளெல்லாம் கரையில் நிற்கும். எல்லாரும் அப்போதுதான் சாமான் வாங்குவார்கள். மே மாதத்திலேயே போய்விடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் அண்ணாச்சியிடமே எனக்கு வருத்தம் உண்டு. நாங்கள் கேட்ட பிறகுதான் சங்கிலித் தடுப்பான் இருப்பதைச் சொன்னார். சங்கிலி விற்கும்போதே அதையும் எடுத்து மேசையில் வைக்க வேண்டும். விண்ட்லஸ் நங்கூரத்தை ஏற்றி இறக்கத்தான். படகு நங்கூரத்தில் நிற்கும்போது வரும் இழுப்பை அதன் அச்சும் பல்சக்கரமும் சுமக்கக் கூடாது. எங்கள் கடலில் காற்றே இல்லாத நாளிலும் தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் கள்ளக்கடல் அலை படகைத் தூக்கித் தூக்கி இழுக்கும். அந்த வெட்டிழுப்பு தளத்தில் போல்ட் போட்ட தடுப்பானுக்கோ, கொக்கி மாட்டி அணியத்துக் கட்டையில் கட்டிய நைலான் கயிற்றுக்கோ போக வேண்டும். மச்சானின் படகில் இரண்டையும் பூட்டியிருக்கிறேன்.

நங்கூரம் எடுக்கும்போதும் விண்ட்லஸை வைத்துப் படகை முன்னால் இழுக்காதீர்கள். இன்ஜினை மெதுவாக முன்னே விட்டுச் சங்கிலியைத் தளர்த்திக்கொண்டு எடுங்கள். 1000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும், திணறினால் இன்னும் கூடும். எங்கள் படகில் பேட்டரியிலிருந்து அணியம் வரை ஓடிய கம்பி மெலிதாக இருந்தது, அதையும் கையோடு மாற்றினேன்.

புதுச் சங்கிலி போட்ட பிறகு அதே விழிஞ்ஞத்தில், அதே ஆழத்தில் எடுத்துப் பார்த்தோம். ஒரு கண்ணிகூடக் குதிக்கவில்லை. மாற்றிவிடலாம் என்றிருந்த விண்ட்லஸ் அப்படியே ஓடுகிறது. மச்சானின் மகன் இப்போது சங்கிலியைத் தொடாமல், இரண்டடி தள்ளி நின்று சுவிட்சை மட்டும் அழுத்துகிறான். அங்கே போகிறவர்கள் ஜிப்ஸியைக் கழற்றிக் கொண்டுபோங்கள். கழற்ற முடியாவிட்டால் பழைய சங்கிலியில் குறைந்தது 12 கண்ணி வெட்டிக்கொள்ளுங்கள், அதுவும் அதிகம் தேயாத நடுப்பகுதியிலிருந்து. நங்கூரத்தை ஒட்டிய பகுதி தேய்ந்து நீண்டிருக்கும், அதை அளந்தால் பிட்ச் தப்பாக வரும். அதைவிட முக்கியம், அந்தப் பழைய சங்கிலி சக்கரத்தில் ஒழுங்காக உட்கார்ந்து ஓடியதுதானா என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.