கிட் லென்ஸா, 50 எஃப் 1.8-ஆ: பொடியெழுத்தின் முன் ஒரு பரீட்சை

"கிட் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு 50 மி.மீ. வாங்கு, படம் எங்கேயோ போய்விடும்." புதிதாகக் கேமரா வாங்கியவர் முதல் மாதத்திலேயே கேட்கும் அறிவுரை இது. கேமராவோடு சேர்த்தே விற்கும் ஜூம் லென்ஸ்தான் கிட் லென்ஸ். நானும் கேட்டேன், வாங்கினேன், பிறகு பல பேருக்கு அதையே ஓதியும் இருக்கிறேன். இரண்டு லென்ஸையும் ஒரே சுவரின் முன் நிறுத்திப் பார்த்த பிறகுதான், ஓதியதில் பாதி தப்பு என்று தெரிந்தது.

ஆய்வுக்கூட அட்டவணை எதுவும் என்னிடம் இல்லை. செய்தித்தாளின் வரிவிளம்பரப் பக்கங்களைச் சுவரில் இடைவெளியில்லாமல் ஒட்டினேன். லென்ஸைச் சோதிக்கத் தமிழ்ப் பொடியெழுத்தை விடக் கறாரான வாத்தியார் கிடையாது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி நிற்கிறதா? ணகரத்தின் சுழிகளை எண்ண முடிகிறதா, அல்லது அது னகரமாகச் சுருண்டுவிட்டதா? இவ்வளவுதான் கேள்வித்தாள்.

கேமராவில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய) சென்சார். ஒரு பக்கம் அதோடு வந்த 18-55 எஃப் 3.5-5.6, மறுபக்கம் அதே நிறுவனத்தின் 50 எஃப் 1.8. முன்னால் வரும் எண் மி.மீ.-இல் குவியத் தூரம், ஏற ஏறக் காட்சி நெருங்கும்; எஃப் எண் லென்ஸின் திறப்பு, குறையக் குறையத் திறப்பு பெரிது. முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, இரண்டு நொடி டைமர், ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் பதிவு). முக்காலியில் இருக்கும்போது, கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட வேண்டும். ஃபோகஸைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் வைத்தேன். கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்பதுதான் பெரிய தலைவலி. அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு: சுவரில் சிறு கண்ணாடி ஒன்றைத் தட்டையாக ஒட்டி, படச்சட்டத்தின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பமே தெரியும் வரை கேமராவை நகர்த்துவது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது.

முதலில் ஜூமை 50-இல் வைத்து, இரண்டையும் எஃப் 8-இல் எடுத்தேன். கோப்புப் பெயர்களை மறைத்துவிட்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தின் நடுவில் எது எதென்று என்னால் சொல்ல முடியவில்லை. மூலைகளில் 50 சற்று மேல். கிட் லென்ஸில் மெய்ப்புள்ளிகள் இருந்தன, ஆனால் கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தன. எஃப் 5.6-இல் இடைவெளி இன்னும் தெளிவானது. அதில் நியாயமும் உண்டு: அந்த இடத்தில் கிட் லென்ஸ் முழுக்கத் திறந்து நிற்கிறது, 50-ஓ மூன்று படிக்கும் மேல் (ஒரு படி என்றால் வெளிச்சம் பாதியாவது) மூடி வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

நான் எதிர்பாராதது அடுத்து வந்தது. 50-ஐ முழுக்கத் திறந்து எஃப் 1.8-இல் எடுத்த படத்தில் எழுத்துகள் மேல் மெல்லிய பால் படர்ந்ததுபோல் ஒரு மூட்டம், விளிம்புகளில் ஊதா நிழல். கூர்மை ஒன்றைத்தான் பார்ப்பேன் என்றால், எஃப் 5.6-இல் இருந்த கிட் லென்ஸ் அதைவிட நன்றாக இருந்தது. "50 கூர்மையானது" என்று சொல்லி வாங்கி, அதை எஃப் 1.8-ஐ விட்டு நகர்த்தாமலே வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

அப்படியானால் வீட்டுக்குள் எடுத்த கிட் லென்ஸ் படங்கள் ஏன் அழுது வடிகின்றன? விடை வெளிச்சத்தில் இருக்கிறது. 50 மி.மீ.-இல் எஃப் 5.6 என்றால் திறப்பின் விட்டம் சுமார் 9 மி.மீ.; எஃப் 1.8 என்றால் சுமார் 28 மி.மீ. பரப்பளவில் ஒன்பதரை மடங்குக்கும் மேல். ஒரே விளக்கு எரியும் அறையில் 1/60 நொடிக்குக் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 3200 கேட்டால், 50-க்கு ஏறக்குறைய 320 போதும். 3200-இல் இரைச்சல் ஏறுகிறது. கேமரா அதைத் துடைக்கிறது. துடைக்கும்போது புருவமும் தலைமுடியும் மெழுகாகின்றன. அந்த மெழுகைப் பார்த்துவிட்டு லென்ஸ் மங்கல் என்கிறோம்.

இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. இப்போதைய கிட் லென்ஸ்களில் பெரும்பாலும் அதிர்வுத் தடுப்பு உண்டு, மலிவான 50-களில் பொதுவாக இல்லை. கேனனின் 18-55 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸுக்கு அந்நிறுவனம் சொல்லும் கணக்கு நான்கு படி: அவ்வளவு மெதுவான ஷட்டர் வேகத்திலும் கையில் பிடித்தே எடுக்கலாம். எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் உள்ள தூரம் மூன்றே கால் படிதான். ஆக, மேசை மேல் அசையாமல் இருக்கும் ஒரு செம்பைக் கையில் பிடித்து எடுப்பதென்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். செம்புக்குப் பதில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் கதை மாறிவிடும்: அதிர்வுத் தடுப்பு என் கையைத்தான் அடக்கும், குழந்தையை அடக்காது. வீட்டு விசேஷப் படங்களில் 50 கட்டாயம் ஜெயிப்பதற்கு இதுவே காரணம். பின்னணி கரைவதும் அதே திறப்பின் கணக்குதான். ஒரே இடத்தில் நின்று ஒரே முகத்தை எடுத்தால், பின்னால் இருக்கும் விளக்குப் புள்ளி 50-இல் மூன்று மடங்கு பெரிய வட்டமாக மலரும்.

கிட்டத்தில் போவதில் கிட் லென்ஸ் ஜெயிக்கிறது. யாரும் இதைச் சொல்வதில்லை. மேலே சொன்ன 18-55, சென்சாரிலிருந்து 25 செ.மீ. வரை நெருங்கி 0.36 மடங்கு உருவம் தரும். கேனனின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் 35 செ.மீ.-உடன் நின்றுவிடும், உருவம் 0.21 மடங்கு. மோதிரம், பூ, பூச்சி என்றால் நான் யோசிக்காமல் கிட் லென்ஸை மாட்டுவேன்.

18 மி.மீ. முனைதான் கிட் லென்ஸின் பலவீனமான இடம். எஃப் 3.5-இல் சுவரின் ஓரங்கள் பீப்பாய் போல் வெளியே பிதுங்கின, மூலைகள் இருண்டன, எழுத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையும் ஒட்டிக்கொண்டன. அங்கே ணகரம் எல்லாம் னகரமாகிவிட்டது. எஃப் 8-க்கு வந்ததும் இருட்டு விலகியது, சுழிகள் திரும்பின. பிதுக்கமும் நிறக்கசிவும் மட்டும் அப்படியே இருந்தன. அவை திறப்பை மூடினால் போகிற குறைகள் இல்லை. மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தைப் போட்டதும் இரண்டும் மறைந்தன. திருத்தும்போது மூலைகள் இழுபடுவதால் கொஞ்சம் விவரம் செலவாகிறது, அவ்வளவுதான்.

இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2012-இல் வந்த சோனியின் 16-50 பவர் ஜூம் வெறும் 116 கிராம். கேமராவை அணைத்தால் தனக்குள்ளேயே மடங்கித் தட்டையாக உட்காரும். அந்த அளவுக்குச் சுருக்கியதன் விலை 16 மி.மீ.-இல் தெரியும் பெரிய பிதுக்கம். அதைத் திருத்த வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. கண்ணாடியும் மென்பொருளும் சேர்ந்ததுதான் லென்ஸ் என்று ஆகிவிட்ட பிறகு, கடைசியில் வரும் படத்துக்குத்தான் மதிப்பெண் போட வேண்டும். ஆனால் ஒரு லென்ஸின் திருத்திய ஜேபெக்கையும் இன்னொன்றின் திருத்தாத ராவையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஜூமின் இரு முனைகளிலும் எஃப் 2.8-ஐ விடாமல் பிடித்திருக்கும் லென்ஸ்களும் இந்தப் போட்டியில் உண்டு. 2021-இல் வந்த சிக்மா 18-50 எஃப் 2.8 வெறும் 290 கிராம். நீள முனையில் கிட் லென்ஸைப் போல் நான்கு மடங்கு வெளிச்சம். மண்டபத்துக்குள் அடிக்கடி படம் எடுப்பவர் அதற்குப் போகலாம். பகல் வெளிச்சத்தில் எஃப் 8-இல் எடுப்பவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. ஃபியூஜிஃபில்ம் 2012-இல் கேமராவோடு சேர்த்து விற்ற 18-55-இன் திறப்பு எஃப் 2.8-4. கேமராவோடு வந்தது என்பதற்காக எதையும் மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிட் லென்ஸுக்குக் கெட்ட பெயர் காரணமில்லாமல் வரவில்லை. 2003-இல் கேனன் 300டி கேமராவோடு வந்த முதல் 18-55 உண்மையிலேயே சுமார்தான். 2007-இல் அதிர்வுத் தடுப்போடு வந்த வகையில் படத்தரம் தெளிவாக ஏறியது. 2013-இன் எஸ்டிஎம் வகையில் ஃபோகஸ் செய்யும்போது முன்கண்ணாடி சுழலும் தொல்லையும் போனது. லென்ஸ் மாறிவிட்டது, வசவு மட்டும் அப்படியே இருக்கிறது.

பார்க்கிற விதத்திலும் ஒரு கோளாறு. 24 மெகாபிக்சல் படம் குறுக்கே 6000 பிக்சல். சாதாரண 24 அங்குல முழு எச்டி திரையில் அதை நூறு சதவீதத்தில் திறப்பது, ஏறக்குறைய ஐந்தரை அடி அகலப் படத்தின் ஒரு துண்டை அரை மீட்டர் தூரத்திலிருந்து முறைப்பதற்குச் சமம். ஏ4 தாளில் 300 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட ஒன்பது மெகாபிக்சல்கூடத் தேவையில்லை. என் மூலைப் படங்களை ஏ4-இல் அச்சிட்டு வீட்டில் காட்டினேன். "இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தாளை வீணாக்கினாய்?" என்றார் அம்மா.

என் கிட் லென்ஸின் இடது பக்கம் வலதைவிடச் சற்று மங்கல் என்பதையும் அந்தச் சுவர்தான் காட்டியது. சுவர் சாய்ந்திருக்கிறதா, லென்ஸே கோணலா? கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து மீண்டும் எடுத்தேன். மங்கல் படத்தின் அதே பக்கத்தில் நின்றால் குற்றவாளி லென்ஸ். மறுபக்கத்துக்குத் தாவினால் சுவர் அல்லது முக்காலி. அதே பக்கத்தில்தான் நின்றது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு லென்ஸ்களுக்குள்ளேயே இப்படி வேறுபாடு வரலாம் என்பதால், அடுத்தவரின் சோதனைப் படத்தை வைத்து நம் லென்ஸுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். கிட் லென்ஸில் அதுவரை எடுத்த படங்களை மென்பொருளில் குவியத் தூரப்படி அடுக்கினேன். பாதிக்கு மேல் 18-க்கும் 24-க்கும் இடையில் இருந்தன. 50-இல் எடுத்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கின. முதலில் வாங்கியிருக்க வேண்டியது ஒரு 24 மி.மீ. லென்ஸ்.